விடிய விடிய விழித்திருக்க இருவர்: இரவுத் தங்குமிடங்களின் பணியமைப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

வீடற்றோருக்கான இரவுத் தங்குமிடம் எதுவாக இருந்தாலும், கதவு திறந்திருக்கும் நேரம் முழுவதும் பயிற்சி பெற்ற இரண்டு பணியாளர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டும், இருவருமே தூங்காமல் இருக்க வேண்டும். ஒருவர் போதாது. கண்காணிப்புக் கேமராவும் வாசலில் ஒரு பாதுகாவலரும் அவர்களுக்கு ஈடாகாது. தொண்டூழியர்கள் உடன் இருக்கலாம். பொறுப்பை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. லிட்டில் இந்தியா வட்டாரத்தில் இரவுப் பணி செய்துவரும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். ஏன் இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறோம்.

சிங்கப்பூரில் தெருவில் உறங்குவோர் எத்தனை பேர் என்பதை நாடு முழுக்கத் தேடி எண்ணிய முதல் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. லீ குவான் இயூ பொதுக் கொள்கைக் கல்லூரியின் இங் கோக் ஹோ தலைமையில் தொண்டூழியர்கள் நள்ளிரவுகளில் புளோக் புளோக்காக நடந்து எண்ணினார்கள். 921 முதல் 1,050 பேர் வரை இருக்கலாம் என்று தெரியவந்தது. 2021-இல் மீண்டும் எண்ணியபோது தெருவில் 616 பேர்தான் இருந்தார்கள். ஆனால் 2019-இல் 65 பேர் மட்டுமே தங்கியிருந்த தற்காலிகத் தங்குமிடங்களில் 2021-இல் 420 பேர் இருந்தார்கள். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2022 நவம்பரில் ஓர் இரவில் நடத்திய கணக்கெடுப்பில் தெருவில் 530 பேர். தெருவில் குறைந்தவர்களில் பெரும்பகுதியினர் கூரைக்குள் வந்திருக்கிறார்கள், வீட்டுக்குள் இன்னும் போகவில்லை என்பதே இந்த எண்களிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் பொருள். அவர்களுடைய இரவுகளுக்கு இப்போது யாரோ ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். அந்த யாரோ ஒருவர் யார், அவருக்கு என்ன பயிற்சி, எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்பதைப் பற்றிப் போதிய பேச்சு இல்லை.

இந்தத் தங்குமிடங்கள் பெருகியது 2020 ஏப்ரலில், கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கிய நாள்களில். தெருவில் உறங்குவோருக்கு உதவும் அமைப்புகளை இணைக்க 2019-இல் தொடங்கப்பட்டிருந்த பியர்ஸ் கட்டமைப்பின்கீழ் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் சமூக அமைப்புகளும் தங்கள் மண்டபங்களைத் திறந்து மெத்தை விரித்தன. அந்த வேகத்தை நாங்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். சில நாள்களுக்குள் ஏற்பாடு செய்ததால், தூங்கும் இடத்தை யார் கவனிப்பது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில், யார் வரத் தயாரோ அவர்கள். அவசரத்துக்கு அது சரி. அதுவே நடைமுறையாக நிலைத்துவிட்டால் ஆபத்து.

இரவுப் பணி என்றால் வாசலைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு முறை விடியும்வரை எங்களோடு இருந்து பார்க்கட்டும். வருபவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள், அவர்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள். துப்புரவு வேலை, உணவங்காடியில் தட்டு எடுக்கும் வேலை, பாதுகாவல் வேலை. இரவு பத்து மணிக்கு மேல் பதிவு, குளியல், மருந்து. பதினொன்றுக்கு விளக்கு அணையும். அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. மணிக்கு ஒரு முறை கட்டில் வரிசை முழுவதும் நடந்து வர வேண்டும். டார்ச் வெளிச்சம் தரையில் விழ வேண்டும், முகத்தில் விழக் கூடாது. தெருவில் படுத்துப் பழகியவருக்கு முகத்தில் வெளிச்சம் அடித்தால் யாரோ எழுப்பி விரட்ட வந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். மூச்சு சீராக இருக்கிறதா, போர்வை நனைந்திருக்கிறதா, கழிவறைக்குப் போனவர் திரும்பி வந்தாரா என்று பார்க்க வேண்டும். இரவில் முதியவர்கள் விழுவது பெரும்பாலும் கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையிலான அந்தப் பத்தடி தூரத்தில்தான்.

விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவர் வியர்த்துக் கொட்டி, நா குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்று வையுங்கள். குடித்திருக்கிறார் என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும். மாலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, வேலை முடியத் தாமதமானதால் சாப்பிடாமலே படுத்தவராக அவர் இருக்கலாம். உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். போதை தெளியட்டும் என்று தூங்க விட்டால் எழுந்திருக்காமலே போகக்கூடும். இந்த வித்தியாசம் தெரிய மருத்துவப் பட்டம் தேவையில்லை. சில நாள் பயிற்சியும், யார் இன்சுலின் போடுகிறார் என்ற குறிப்பும், தூங்கி வழியாத கண்களும் இருந்தால் போதும்.

குடிப்பழக்கம் உள்ளவர்களை உள்ளே விடக் கூடாது என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. நாங்கள் அதை ஏற்கவில்லை. குடியை நம்பியே உடம்பு ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர், இடம் கிடைக்க வேண்டுமே என்று திடீரென்று நிறுத்திவிட்டு வந்தால், கடைசிக் குவளைக்குச் சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். அடுத்த ஒன்றிரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதாவது நல்லபடியாக இருக்க முயன்றவருக்குத்தான் முதல் இரவுகளில் உயிராபத்து. இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் மது அருந்த 2015 முதல் சட்டப்படி தடை உண்டு. லிட்டில் இந்தியாவில் வார இறுதிகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. எங்கள் வாசலிலும் திருப்பி அனுப்பினால் அவர் ஏதாவது ஒரு புளோக்கின் பின்புறப் படிக்கட்டில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துத்தான் படுப்பார். அடிதடியில் இறங்காதவரை அவரை உள்ளே படுக்கவைத்துக் கவனிப்பதே எங்கள் நடைமுறை. ஆனால் இந்த நடைமுறையை ஒற்றை ஆளை வைத்து நடத்த முடியாது.

இருவர் ஏன் என்ற கேள்விக்கு நேரடியான பதில் இது. 995-ஐ அழைக்கிறோம். ஆம்புலன்ஸ் வருகிறது. டான் டோக் செங் மருத்துவமனை இங்கிருந்து சில நிமிடத் தொலைவுதான். மயங்கிக் கிடப்பவருடன் போய் அவர் பெயரையும் மருந்துகளையும் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் போய்விட்டால், இந்தக் கலவரத்தில் விழித்து உட்கார்ந்திருக்கும் மற்றவர்களை யார் பார்ப்பது? பணியில் ஒருவர்தான் என்றால், நோயாளியைத் தனியே அனுப்ப வேண்டும், அல்லது தங்குமிடத்தை ஆளில்லாமல் விட வேண்டும். எந்தப் பணியாளரையும் அப்படி ஒரு தேர்வுக்குள் தள்ளக் கூடாது.

உயிராபத்து இல்லாத இரவுகளிலும் அந்த இரண்டாம் ஆளுக்கு வேலை இருக்கிறது. நடுநிசிக்கு மேல் தூக்கம் வராத ஒருவர் மெல்ல மேசைப் பக்கம் வருவார். "தம்பி, ஒரு கிளாஸ் சுடுதண்ணி கிடைக்குமா?" என்று கேட்பார். தண்ணீரைக் குடித்துவிட்டும் போக மாட்டார். பகலில் சமூக ஊழியர் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டபோது சொல்லாததை எல்லாம் அப்போது சொல்வார். விவாகரத்துக்குப் பின் வீட்டை விற்றது, பங்கு வந்த பணம் கடனுக்கே போனது, தங்கை வீட்டில் இருந்தபோது மச்சானுடன் வந்த சண்டை. சிலரிடம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாடகை வீட்டின் சாவி இருக்கும். தனியாள்கள் இருவர் ஓரறை வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் திட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவருடன் ஒத்துப்போகாமல், சாவியைப் பையில் வைத்துக்கொண்டே கீழ்த்தளத்தில் படுத்தவர்கள் அவர்கள். "வீடு இருக்கிறதே, பிறகென்ன" என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பகலில் வாய் திறப்பதில்லை. ஒருவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது எது என்று தெரியாமல் அவரை எப்படி வீட்டுக்கு அனுப்புவது? அந்தச் செய்தி இரவில்தான் கிடைக்கிறது. அதைக் கேட்க யாராவது விழித்திருக்க வேண்டும், அவருக்கு அவசரம் இருக்கக் கூடாது.

கேட்டது காலையில் உரியவரிடம் போய்ச் சேரவும் வேண்டும். இரவுப் பணியாளர் ஏழு மணிக்குக் கிளம்புகிறார், சமூக ஊழியர் ஒன்பது மணிக்கு வருகிறார், தங்கியிருந்தவர்கள் அதற்குள் வெளியேறிவிடுகிறார்கள். ஒரே ஆளைக் கவனிக்கும் இருவர் மாதக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வேலை செய்கிறார்கள். இரவுக் குறிப்பேட்டில் "கால் வீக்கம் கூடியிருக்கிறது, செருப்பு போட முடியவில்லை" என்று எழுதியிருக்கும். படித்தவர் யாரும் இருக்க மாட்டார். அரை மணி நேரமாவது இரண்டு பணிநேரங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்றும், சமூக ஊழியர் வாரத்தில் ஓர் இரவாவது விளக்கணைக்கும்வரை இருக்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.

காலையில் வெளியேறுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவில் திறந்து காலையில் மூடும் தங்குமிடம், பகலில் வேலை செய்பவரை மனத்தில் வைத்து அமைந்தது. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை யாரோ ஒருவருடைய கட்டடத்துக்குக் காவல் இருந்துவிட்டு வரும் பாதுகாவலர் எங்கே படுப்பார்? நூலகத்தில் உட்கார்ந்தபடியும், ரயிலில் முனைக்கு முனை போய்வந்தும் தூங்குகிறார்கள். ஒவ்வொரு தங்குமிடத்திலும் சில கட்டில்களாவது பகல் உறக்கத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும். இதற்கு முன்மாதிரி உண்டு: இந்திய உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2010-இல் பிறப்பித்த உத்தரவுகளின்படி நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்கும் காப்பகங்கள் இருக்க வேண்டும். பின்னர் வந்த நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டி, எட்டு மணி நேர முறைவைத்து மூன்று பராமரிப்பாளர்களைக் கேட்கிறது. சென்னையில் எல்லாக் காப்பகங்களும் எழுத்துக்கு எழுத்து அப்படியே நடக்கின்றன என்று நாங்கள் சொல்ல வரவில்லை. குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள், இல்லாதபோது கேள்வி கேட்க முடிகிறது. அந்த எழுத்து நமக்கும் வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒன்று. ரோவல் ரோட்டிலும் டெஸ்கர் ரோட்டிலும் நள்ளிரவில் படுத்திருப்பவர் எப்போதும் சிங்கப்பூரராக இருப்பதில்லை. வேலையில் அடிபட்டு, சம்பள வழக்கு நடந்து, தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கும் ஸ்பெஷல் பாஸில் காத்திருக்கும் தமிழ்நாட்டு, பங்களாதேஷ் ஊழியர்கள் இங்கே பல காலமாக இருக்கிறார்கள். அவர்களுக்காகவே டிடபிள்யூசி2 அமைப்பு 2008-இல் கஃப் ரோட்டில் இலவச உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அரசாங்கத்தின் சமூக உதவி குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் முன்வைத்தே அமைந்திருப்பதை நாங்கள் அறிவோம். ஆனாலும் இரவு ஒரு மணிக்கு வந்து நிற்பவரிடம் முதலில் அடையாள அட்டையின் நிறத்தைக் கேட்பதில்லை என்பது எங்கள் முடிவு. படுக்கை முதலில், விசாரணை விடிந்தபின். அதற்கான செலவைத் தனியார் நன்கொடையிலிருந்து எடுக்கிறோம். இரவுப் பணியாளர் இருவரில் ஒருவராவது தமிழோ வங்காளமோ பேசுபவராக இருக்க வேண்டும். நெஞ்சு வலிக்கிறதா வயிறு வலிக்கிறதா என்பதைக் கைச்சாடையால் விளக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

வாசலில் சீருடைக் காவலர் வேண்டாம் என்றும் சொல்கிறோம், அதற்கும் காரணம் உண்டு. ஆதரவற்றோர் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதன்கீழ் நல்வாழ்வு இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் தெருவில் படுப்பவர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. சீருடையைத் தூரத்தில் கண்டாலே பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

இனி செலவு. இரவுக்குப் பத்து மணி நேரம், இருவர், வாரம் ஏழு நாள்: 140 மணி நேரம். ஒருவருக்கு வாரம் 44 மணி நேரம் என்றால் மூவர் போதாது, நால்வர் வேண்டும். விடுப்பையும் உடல்நலக் குறைவையும் சேர்த்தால் ஐவர். ஐந்து பேரின் சம்பளம் எங்களைப் போன்ற சிறிய அமைப்புக்குப் பெரிய தொகை. மெத்தை வாங்கித் தரவும் பிரியாணிப் பொட்டலம் கொண்டுவரவும் மனமுவந்து வருகிறார்கள். இரவுப் பணியாளரின் சம்பளத்துக்கு என்று கேட்டால் தயங்குகிறார்கள். மானியம் தருபவர்களும் முதலில் கேட்பது எத்தனை கட்டில் என்றுதான். எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்றும் அவர்கள் கேட்க வேண்டும். பியர்ஸ் கட்டமைப்பின் நிபந்தனைகளிலேயே இதை எழுதிவைக்குமாறு அமைச்சைக் கேட்டுக்கொள்கிறோம்.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் ஒன்றை நாங்கள் மதிக்கிறோம்: பணியாளர் இல்லை என்று கட்டிலைக் குறைத்தால் அந்த ஆள் அன்றிரவு தெருவில்தானே படுப்பார், ஆளில்லாத கூரைகூட தெருவைவிட மேல் இல்லையா? மழை கொட்டும் ஓர் இரவுக்கு மட்டும் என்றால் ஆம் என்போம். ஆனால் எங்களிடம் வருபவர்கள் ஓர் இரவோடு போவதில்லை, மாதக்கணக்கில் தங்குகிறார்கள். கவனிப்பார் இல்லாத கூடத்தில் திருட்டு நடக்கும், வலுத்தவர் இளைத்தவரை மிரட்டுவார். அப்படி ஓர் இடத்தை ஒரு முறை அனுபவித்தவர் அடுத்த முறை எந்தத் தங்குமிடத்தையும் நம்பி வர மாட்டார். எங்கள் தெருச் சுற்றுகளில் மிகக் கடினமான பேச்சுவார்த்தைகள் இப்படி வெளியேறி வந்தவர்களோடுதான்.

எனவே இரண்டாவது பணியாளருக்கு நிதி கிடைக்காத மாதத்தில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்துவோம். ஏற்கெனவே தங்கியிருப்பவர் யாரையும் வெளியேற்ற மாட்டோம். இடம் மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அன்றிரவே வேறு தங்குமிடங்களை அழைத்துப் பார்ப்போம். எங்கும் கிடைக்காவிட்டால், அவர் எங்கே படுக்கப் போகிறார் என்று கேட்டு எழுதிவைத்து, மறுநாள் இரவு எங்கள் தெருக் குழு அந்த இடத்துக்குப் போகும். எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்பதை மாதந்தோறும் வெளியிடுவோம். அந்த எண்ணிக்கைக்கு அமைச்சும் நன்கொடையாளர்களும் எங்களோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கிறோம்.