விதிவிலக்கே இல்லாத மொழி யாருக்கு வேண்டும்?

நான் ஒரு மொழியைச் செய்து முடித்தபோது அதில் ஒரு விதிவிலக்குகூட இல்லை. அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். இந்தோ-ஐரோப்பிய மூலமொழிக்கு ஆய்வாளர்கள் மீட்டெடுத்த வேர்ச்சொற்களை ஒரு பக்கம் கொடுத்து, நானே எழுதிய ஒலிமாற்ற விதிகளைப் பைத்தானில் வரிசையாக ஓட்டினால், மறுபக்கம் உலகில் இல்லாத ஒரு மகள்மொழி வந்து விழும். விதிகளின் வரிசையை மாற்றினால் வேறொரு மகள். ராத்திரி இரண்டு மணிக்கு இதைவிட போதையான வேலை கிடையாது. ஆனால் அப்படி வந்து விழுவது மொழி இல்லை, வெறும் அவுட்புட். இப்படி மொழி செய்கிற கூட்டம் விதிவிலக்கின்மையைத் தரச்சான்றாகக் கொண்டாடுவது, மொழியியல் வரலாற்றைப் பாதியோடு மூடிவைத்ததால் வந்த வினை.

அந்தப் பாதி இதுதான். பிதா–ஃபாதர், பாதம்–ஃபுட் என்று சொல்லின் முதலில் வரும் ப, ஜெர்மானிய மொழிகளில் ஃப ஆகும். இதுபோன்ற மாற்றங்களை யாகோப் கிரிம் 1822இல் ஒழுங்காக வகுத்தார். ஒத்துவராத சொற்களும் மிஞ்சின. சம்ஸ்கிருதத்தின் பிதா, ப்ராதா இரண்டிலும் ஒரே 'தா'. ஜெர்மனிலோ ஃபாட்டர், ப்ரூடர் என்று இரண்டாகப் பிரிகிறது. பழைய அழுத்தம் எந்த அசையில் விழுந்தது என்பதே காரணம் என்று கார்ல் வெர்னர் 1877இல் காட்டினார். விலக்கு என்று நினைத்ததே இன்னொரு விதி! அடுத்த வருடமே ஓஸ்ட்ஹோஃபும் புருக்மனும் ஒலிவிதிகளுக்கு விலக்கே கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள்.

நம்ம ஆட்கள் இங்கேயே படிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள். அதே முன்னுரை இன்னொரு கொள்கையையும் சேர்த்தே வைத்தது: பேசுகிறவர்கள் ஒரு சொல்லைப் பார்த்து இன்னொரு சொல்லை மாற்றுவார்கள், பழங்கால மொழிகளுக்கும் இது பொருந்தும்.

லத்தீனைப் பாருங்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே நின்ற ஸ அங்கே ர ஆனது. மரியாதைக்கு 'ஹொனோஸ்'. 'மரியாதையின்' என்று சொல்ல ஒருகாலத்தில் ஹொனோஸிஸ். விதி ஓடியதும் ஹொனோரிஸ். ஹொனோஸில் ஸ கடைசியில் நிற்பதால் விதிக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் அது பிறகு 'ஹொனோர்' ஆகிவிட்டது. மற்ற வேற்றுமை வடிவங்களில் எல்லாம் ர கேட்டுக் கேட்டு, இதுவும் அப்படித்தானே இருக்கணும் என்று வாய் திருத்திக்கொண்டது. அதே நேரம் பூவைக் குறிக்கும் ஃப்ளோஸ்–ஃப்ளோரிஸ் அப்படியே நின்றது. ஓரசைச் சொற்கள் தப்பித்துக்கொண்டன. என் நிரலால் இதைச் செய்யவே முடியாது. அது ஒரு நேரத்தில் ஒரு சொல்லைத்தான் வாங்கும். பக்கத்துச் சொல்லை எட்டிப் பார்க்காது.

இதைவிட எனக்குப் பிடித்தது மாடு. மூலமொழியில் உதடு குவித்துச் சொல்லும் 'க்வ' ஒன்று உண்டு. 'போ, வா' என்ற பொருளுள்ள வேரில் அது இருந்தது: சம்ஸ்கிருதத்தில் கமனம், லத்தீனில் 'வெனியோ'. அதாவது லத்தீனில் அது வ ஆகும். மாட்டுக்கும் அதே ஒலிதான்: சம்ஸ்கிருதத்தில் கோ, லத்தீனில் 'வோஸ்' என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது 'போஸ்'. 'வோஸ்' என்றால் லத்தீனில் 'நீங்கள்', மாட்டையும் மரியாதைப்பட்ட மனிதர்களையும் ஒரே சொல்லால் கூப்பிடும் சங்கடம் மிச்சம். க்வ-வை ப ஆக்கியது லத்தீன் அல்ல, பக்கத்து ஓஸ்க-உம்ப்ரிய மொழிகள். ஓநாய்க்கான 'லூபுஸ்'ஸில் வரும் ப-வும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். மாடும் ஓநாயும்! ரோமாபுரிக்காரன் யாரோடு மந்தை வியாபாரம் பேசினான் என்பது இந்த இரண்டு 'பிழை'களில் இருக்கிறது. என் நிரலில் இவை வந்திருந்தால் நான் பக் என்று சொல்லித் திருத்தியிருப்பேன்.

"சரி, நூற்றுக்கு ஐந்து சொற்களை ராண்டமாகக் கெடுத்துவிட்டால் போச்சு" என்று ஒரு நண்பர் தீர்வு சொன்னார். இது இன்னும் மோசம். ஃப்ளோஸ் தப்பியதற்கும் போஸ் நுழைந்ததற்கும் காரணம் இருக்கிறது. பகடை உருட்டினால் அந்தக் காரணம் வராது. ஆண்ட்ரூ ஸ்மித் 1996இல் 'பிரிதெனிக்' செய்தார்: லத்தீன் பிரிட்டனிலேயே தங்கி, வெல்ஷ் கண்ட ஒலிமாற்றங்களைத் தானும் கண்டிருந்தால் எப்படியிருக்கும் என்று. இரவல் விதிகள்தானே என்று நானும் நக்கலடித்திருக்கிறேன். ஆனால் அவர் அதற்கு ஒரு மாற்று வரலாற்றையும் அக்கம்பக்கத்து நாடுகளையும் யோசித்தார். நான் விதிகளை மட்டும் யோசித்தேன்.

இது பொழுதுபோக்குதானே, ஏன் இவ்வளவு கோபம்? சுத்தமான வம்சாவளி என்ற ஆசையை நாம் விளையாட்டாகப் பழகிக்கொள்கிறோம் என்பதால்தான். ஷ்லைஹர் மொழிகளை மரமாக வரைந்தார். அவருடைய மாணவர் யோஹன்னஸ் ஷ்மிட்டே 1872இல் மறுத்து, மாற்றங்கள் அலைபோல அண்டை மொழிகளுக்குள் பரவுகின்றன என்றார். ஆனால் மரம்தான் மக்கள் மனதில் நின்றது. கலப்பே இல்லாத ஒரே வேர், ஒரே ரத்தம் என்று அதை ஐரோப்பாவில் ஆரிய இனவாதத்துக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். விதிவிலக்கில்லாத மகள்மொழிக்கு ஒரு நூறைக் கொடுத்துக் கைதட்டும்போது, யாரிடமும் கடன் வாங்காத, யாரோடும் புழங்காத ஒரு ஜனத்துக்குத்தான் கைதட்டுகிறோம்.

பழைய கோப்பை நேற்று திறந்தேன். விதிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. என் ஆட்களுக்கு மாடு விற்றது யார், அவர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களின் மொழியிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.