வாயிலைத் தாண்டிய பின் சோற்று விலை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து, கோடை விடுமுறையிலோ காணும் பொங்கலை ஒட்டியோ, ஏழெட்டுக் குடும்பங்கள் கூடி ஒரு வேனைப் பேசிக்கொண்டு, சென்னையைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்திலோ ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலோ உள்ள தீம் பார்க் ஒன்றுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது இப்போது சகஜமாகிவிட்டது. கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள் பணம் கொடுத்துச் செயற்கை அலையில் நனைந்து வருவது எனக்கு எப்போதுமே சற்று வேடிக்கையாக இருக்கும்; பிள்ளைகளுக்கு அப்படி இல்லை என்பதால் அந்த விஷயம் இருக்கட்டும். திரும்பி வந்தவர்கள் ராட்டினத்தின் பெருமையைச் சொல்லி முடித்த பிறகு, தவறாமல் சொல்லும் குறை ஒன்று உண்டு: சாப்பாடு யானை விலை, வாயில் வைக்க விளங்கவில்லை, போன வருஷத்தைவிட இந்த வருஷம் இரண்டும் மோசம்.

இந்தக் குறைக்குச் சமாதானமாக ஓர் அபிப்பிராயம், படித்தவர் மத்தியிலும் வியாபாரம் அறிந்தவர் மத்தியிலும் வெகுவாக வேரூன்றியிருக்கிறது. விலைவாசி ஏறினால் அங்கும் ஏறத்தான் செய்யும். இஷ்டப்பட்டுத்தானே போகிறார்கள், கையைப் பிடித்து இழுத்தவர் யார். ஆயிரம் பேருக்கு ஆக்கினால் வீட்டு ருசி வருமா. அவ்வளவு ஏன், ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் அடுப்பு மூட்டியிருக்கும் பழவேற்காட்டிலேயே ஒரு தட்டு இறால் வறுவல் என்ன விலை விற்கிறது, போய்ப் பாருங்கள். இதுதான் அந்த அபிப்பிராயம். ஒவ்வோர் அங்கமும் காதில் விழும்போது நியாயம் போலவே ஒலிக்கும் இந்த வாதத்தை, அங்கம் அங்கமாக எடுத்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

விலைவாசி ஏறியிருப்பது வாஸ்தவம். எண்ணெயும் பருப்பும் எரிவாயுவும் சமையற்காரர் கூலியும் ஏறாமல் இல்லை. ஆனால் பொன்னேரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டல் நடத்துகிறவரும் அதே எண்ணெயைத்தான் வாங்குகிறார். அதே சிலிண்டரைத்தான் மாற்றுகிறார். 2017 நவம்பரிலிருந்து உணவகங்களுக்குப் பொதுவாக 5 விழுக்காடு என்று நிர்ணயிக்கப்பட்ட சரக்கு சேவை வரியைத்தான் அவரும் வசூலிக்கிறார். பூங்காக்களைப் பொறுத்தமட்டில், நுழைவுச் சீட்டின் மீதான வரி 2018 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கவும்பட்டது. எல்லோருக்கும் பொதுவான ஒரு காரணம் எல்லோருடைய விலையையும் ஏற்றுமேயன்றி, வேலிக்கு வெளியே ஒரு விலையும் உள்ளே வேறொரு விலையுமாக நிற்கும் வித்தியாசத்துக்கு அது எப்படிப் பொறுப்பாகும்?

இதிலும் பெரிய சங்கடம் ஒன்று அந்த வாதத்தில் இருக்கிறது. செலவு ஏறும்போது நாணயமான வியாபாரி செய்யக்கூடிய காரியங்கள் இரண்டே: தரத்தைக் காப்பாற்றி விலையை ஏற்றலாம், அல்லது விலையைக் காப்பாற்றி அளவையோ தரத்தையோ குறைக்கலாம். பத்து ரூபாய் வடையைப் பத்து ரூபாய்க்கே விற்று, விட்டத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கும் டீக்கடைக்காரர் இரண்டாவது வகை. அவரை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. விலையையும் ஏற்றித் தரத்தையும் இறக்கிவிட்டு, இரண்டுக்கும் விலைவாசியையே சாக்ஷிக்கு அழைப்பது, ஒரே கடனை இருமுறை வசூலிப்பதற்கு ஒப்பாகும். பகல் இரண்டு மணிக்கு, ஈரம் சொட்டும் உடையோடு வரிசையில் நின்று, கூப்பன் கிழித்து வாங்கிய வெஜிடபிள் பிரியாணியைச் சற்றே உற்றுப் பார்த்தால் விஷயம் விளங்கும். மெல்லிய அலுமினியப் பெட்டி. அட்டை மூடியின் உட்புறத்தில் முத்துமுத்தாக வியர்வை. காலையிலேயே அடைத்து வைத்ததால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்ட சோறு. அடியில் ஓரமாகப் புதைந்து கிடக்கும் இரண்டு கேரட் துண்டு. தயிர்ப் பச்சடி என்ற நாமத்தோடு சின்னஞ்சிறு உறையில், வெங்காயம் தேடினால் அகப்படாத வெள்ளைத் தண்ணீர். இதில் விலை ஏறிய பதார்த்தம் எது என்று பூங்காவின் வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, இஷ்டப்பட்டுப் போகிறார்கள் என்பது. வாயில் வரைக்கும் அது சத்தியமான வார்த்தை; வாயிலைத் தாண்டிய பிறகு அதற்கு அர்த்தமே இல்லை. வீட்டில் விடியற்காலையில் கிளறி, வாழையிலையில் கட்டி எடுத்துவந்த புளிச்சோறு பை சோதனையில் தடுக்கப்படுகிறது. வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாம் என்றால் மறுபடி நுழைய அனுமதி இல்லை. காலை பத்து மணிக்கு உள்ளே போன பிள்ளைக்குப் பசிப்பதோ பூங்காவின் சட்டதிட்டங்களைக் கேட்டுக்கொண்டு பசிப்பதில்லை. டிக்கெட் விலை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது; சாப்பாட்டு விலையோ பசித்த பிறகு, கவுண்டரின் தலைக்கு மேல் தொங்கும் பலகையில்தான் முதன்முதலாகக் காட்சி தருகிறது. குப்பத்து மனிதர் வேன் வாடகையை ஏழாக வகுத்து, டிக்கெட்டைத் தலைக்கு இவ்வளவு என்று கூட்டி, வலைக்கென்று வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வருகிறார். அந்தத் திட்டம் குலைவது ராட்டினத்தில் அல்ல, இந்தப் பலகைக்குக் கீழேதான்.

இங்கே சுப்ரீம் கோர்ட்டைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. 2018-ல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் சினிமாக் கொட்டகைகளுக்குள் வெளி உணவைத் தடுக்கக் கூடாது என்று சொன்னதை, 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, கொட்டகை தனியார் சொத்து, நிபந்தனை விதிக்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது மெய்தான். ஆனால் அதே வழக்கில்தான், சுத்தமான குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கைக்குழந்தைகளுக்கான ஆகாரத்தைப் பெற்றோர் கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது என்றும் எடுத்துரைக்கப்பட்டது. அன்றியும், சினிமா மூன்று மணி நேரத்தில் முடிகிற விஷயம். பூங்காவோ ஒரு பகற்போஜனத்தை விழுங்கிக்கொள்ளும் முழு நாள். சட்டம் ஒன்றைத் தடுக்கவில்லை என்பதாலேயே அது நியாயமாகிவிடாது. நாம் பேசிக்கொண்டிருப்பது நியாயத்தை.

சுகாதாரத்துக்காகவே வெளிச் சாப்பாடு தடுக்கப்படுகிறது என்ற உபவாதத்தில் அதிகம் தங்க வேண்டியதில்லை. இந்த வியாபாரத்துக்கே முன்மாதிரியாக 1955-ல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்டிலேயே, மதுவும் கண்ணாடிப் பாத்திரங்களும் நீங்கலாக, வீட்டுச் சாப்பாட்டை உள்ளே எடுத்துச் செல்ல விடுகிறார்கள். அங்கே கெடாத சுகாதாரம் இங்கே ஒரு பொட்டலம் புளிச்சோற்றால் கெட்டுவிடும் என்று நம்புவதற்கு மிகுந்த பக்தி வேண்டும்.

ஆயிரம் பேருக்குச் சமைத்தால் ருசி கெடும் என்ற வாதத்தைத் தமிழ்நாட்டில் நின்றுகொண்டு சொல்ல எப்படித்தான் நா எழுகிறதோ! கல்யாணப் பந்தியில் ஆயிரம் இலைக்குச் சாம்பார் வைக்கிற சமையற்காரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்தின் கீழ், லக்ஷக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நாட்களில் உலை கொதிக்கிறது. 2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி சூடாகவே கிடைத்தது. இவற்றில் சில அரசாங்கப் பணத்தால் நடப்பவை ஆகையால் விலைக்கு இவற்றை நான் உதாரணமாகச் சொல்லவில்லை. எண்ணிக்கை பெருகினால் பக்குவம் கெட்டே தீரும் என்பது பொய் என்று காட்ட மட்டுமே சொல்கிறேன். கேளிக்கைதான் பிரதானம், சோறு உபரி என்பார்களானால், அமெரிக்காவின் பழைய பூங்காக்களில் ஒன்றான நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பிறந்த கதையை அவர்கள் கேட்க வேண்டும். 1934-ல் கார்டிலியா நாட் என்ற அம்மாள், தம் பண்ணை வீட்டில், கல்யாணச் சீராக வந்த பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குக் கோழிச் சாப்பாடு பரிமாறினார். ருசி ஊரெல்லாம் பரவிக் கூட்டம் மணிக்கணக்கில் காத்திருக்க, காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று 1940-ல் அவருடைய கணவர் பழைய காலத்து ஊர் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். சோற்றுக்காக வந்தவர்களுக்காகவே அங்கே பூங்கா எழுந்தது.

இனி, பழவேற்காட்டையே கூண்டில் ஏற்றும் வாதத்துக்கு வருகிறேன். இதில் நான் சற்று நிதானித்துப் பேசுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து ஒரு தட்டு இறாலுக்கு விலை கேட்டுவிட்டு, 'இங்கேயும் தீம் பார்க் விலைதான்' என்று முகம் சுளித்துச் செல்பவர்கள், தாங்கள் இரண்டு வேறு ஜாதி விலைகளை ஒன்றாகப் பேசுகிறோம் என்பதை அறியார்.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி என்று பெயர் பெற்ற பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென் கோடி மட்டுமே நம்முடையது. இங்கே பேர்போன வெள்ளை இறால் கடலில் பொரித்து, குஞ்சாக முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும் பிராணி. ஆகவே முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் வரவே நின்றுவிடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் ஆரணி ஆற்று வெள்ளம் வந்து மணலை உடைக்கும் வரைக்கும், கோடையில் உப்பு ஏறி, ஏரி வற்றிக் கிடக்கிறது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று குப்பங்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வந்திருப்பது இதனால்தான். போதாக்குறைக்கு, தென் அமெரிக்கக் கடற்பக்கத்திலிருந்து எப்படியோ வந்து எண்ணூரில் குடியேறிய 'காக்கா ஆழி' என்னும் சிப்பி, சமீப வருஷங்களில் பழவேற்காட்டுக்கும் பரவி, இறால் மேயும் சேற்றுத் தரையை விரிப்பு விரித்தாற்போல் மூடிக்கொண்டு வருகிறது. அதன்மேல் பாடு முறை வேறு: எந்த இடத்தில் எவர் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. பாடு உள்ள கிராமத்தானுக்கே முறை வரும் நாளில்தான் நல்ல இடம். பாடு இல்லாதவர் கதை வேறு. சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இந்தச் சீட்டுகளில் எதிலுமே இல்லை.

இவ்வளவையும் கடந்து கரையேறும் இறாலும் நேரே அடுப்புக்குப் போவதில்லை. வலைக்கும் படகுக்கும் முன்பணம் கொடுத்திருக்கும் ஏஜெண்டின் தராசுக்குத்தான் அது முதலில் போகிறது. கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று 'கவுண்ட்' பார்த்து, பெரியவை ஐஸ் பெட்டியில் அடுக்கப்பட்டு ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குச் செல்கின்றன. கொடுக்கைச் சணலால் வரிந்து கட்டிய பச்சை நண்டு, உயிரோடு சிங்கப்பூர் வரைக்கும் பிரயாணம் செய்கிறது. தராசில் தள்ளப்பட்டவை, அதாவது பொடி இறாலும், ஓடு மாற்றிய புதிதில் உள்ளே சதையில்லாமல் நீர் கோத்திருக்கும் நண்டும், ஊரில் தங்குகின்றன. சாலையோரம் தோசைக்கல்லில் மசாலா தடவிய மடவை மீனைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "ஏன் அக்கா, ஏரி உங்கள் வாசலில் இருக்கிறது, இறால் ஏன் இத்தனை சிறிசாக இருக்கிறது?" என்று கேட்டேன். "பெருசெல்லாம் ஏஜெண்டு பெட்டிக்குப் போயிடுது சார். அவங்க கழிச்சதைத்தான் நாங்க ஏலத்துல எடுக்கறோம், அதுக்கும் மெட்ராஸ்காரங்க போட்டிக்கு வந்து நிக்கறாங்க" என்றார், கரண்டியை நிறுத்தாமலே.

ஆகவே அந்த அம்மாளின் தட்டில் விலை ஏறுவதற்கும் இறால் சிறுப்பதற்கும் காரணம் ஏரியிலும் தராசிலும் இருக்கிறது. அவர் கையில் இல்லை. அதைவிட முக்கியமானது, அவரிடம் பூட்டக்கூடிய வாயில் இல்லை. வருகிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம், பேரம் பேசலாம், பத்தடி நடந்து அடுத்த அடுப்புக்குப் போகலாம், ஒன்றும் பிடிக்காவிட்டால் தம் பொட்டலத்தைப் பிரித்து, டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட பிறகு உல்லாசப் படகுச் சவாரியும் தடை செய்யப்பட்டுவிட்டபடியால், ஏரிக்கு வலசைப் பறவைகள் வராத மாதங்களில் சென்னைக்காரர்களை மறுபடி வரவழைக்க இந்த அடுப்புகளுக்கு ருசியைத் தவிர வேறு உபாயமும் இல்லை.

இங்கே எல்லாமே யோக்கியம் என்று நான் சாதிக்கவில்லை. பண்ணையில் வளர்த்த இறாலை ஏரி இறால் என்று சொல்லி வறுத்துக் கொடுக்கும் கடைகளும், நேற்றைய எண்ணெயை இன்றைக்கும் காய்ச்சும் கடைகளும் இல்லாமல் இல்லை. அவற்றுக்கு இரண்டாம் தடவை ஆள் வருவதில்லை. பூங்காவின் கவுண்டருக்கோ, ருசி எப்படியிருந்தாலும் மறுநாள் பகல் இரண்டு மணிக்குப் பசித்த கூட்டம் தவறாமல் வந்து நிற்கும்.

கடைசியாக, பொருளாதாரம் அறிந்தவர்கள் சொல்லும் ஒன்று பாக்கி. சாப்பாட்டில் லாபம் வைக்காவிட்டால் டிக்கெட் விலையை ஏற்ற வேண்டிவரும் என்கிறார்கள். வால்ட்டர் ஓய் என்ற பேராசிரியர் 1971-ல், டிஸ்னிலாண்டையே தலைப்பில் வைத்து, நுழைவுக்கு ஒரு கட்டணமும் உள்ளே அனுபவிப்பதற்கு வேறொரு கட்டணமும் வாங்கும் ஏகபோக வியாபாரி எதில் எவ்வளவு வாங்குவான் என்று ஆராய்ந்து ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தன்மையராயின், உள்ளே விற்பதை அடக்க விலைக்கே கொடுத்துவிட்டு லாபத்தை வாயிலிலேயே வாங்கிக்கொள்வதுதான் அந்த வியாபாரிக்கே அதிக லாபம் என்பது அவர் கண்ட முடிவு; வருகிறவர்கள் பலதரப்பட்டவர்களாகும்போதுதான் உள் விலை அடக்க விலைக்கு மேலே ஏறுவதற்கு இடமுண்டு. உள்ளே கொள்ளை விலை வைப்பது பிழைப்புக்கு விதிக்கப்பட்ட இயற்கை நியதி ஒன்றும் அல்ல என்பதற்கு இதுவே போதும். இண்டியானா மாகாணத்தில் ஹாலிடே வேர்ல்டு என்ற பூங்கா, 2000-ஆம் வருஷத்திலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் குளிர்பானத்தை இலவசமாகவே கொடுத்துக்கொண்டு நன்றாக நடந்தும் வருகிறது.

ஆகையால் டிக்கெட் ஏறுமானால் ஏறட்டும். சாப்பாட்டு விலைப் பட்டியலை டிக்கெட்டோடு சேர்த்தே வெளியிட்டு, குடிநீரைத் தாராளமாக வைத்து, கட்டுச்சோறு கொண்டுவருகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட நிழலான ஒரு மண்டபத்தையும் விட்டுவைத்தால், கோட்டைக்குப்பத்திலும் லைட்ஹவுஸ் குப்பத்திலும் இருப்பவர்கள் வேன் பேசுவதற்கு முன்பே திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, போவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வார்கள். ஏலத்தில் ஒரே பார்வையில் கூடைக்கு விலை சொல்லத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கணக்கைப் பூங்காக்காரர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.