புது லேப்டாப்பில் ரெண்டு இயங்குதளமா? முதல்ல சாவியைத் தேடுங்க!

புது லேப்டாப் வந்த அன்னிக்கே விண்டோஸை அழிச்சுட்டு லினக்ஸ் போடச் சொல்ற ஆர்வலர்கள் பேச்சை பி.காம் மாணவர்கள் கேட்காம இருக்கறதே நல்லது. டேலிக்கு விண்டோஸ் வேணுமே! ரெண்டையும் வெச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம். இடம் பிரிக்கிறது பெரிய வித்தையில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி ஒதுக்கினா உபுண்டுவுக்குத் தாராளம்.

வில்லங்கம் வேற இடத்துல இருக்கு. 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்போட வர்ற புது மெஷின்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைஞ்சாலே டிஸ்க் தானா பூட்டிக்கும். இதை வாங்கினவரிடம் கேட்டுட்டுச் செய்ய வேண்டாமா? அது தெரியாம பயாஸில் செக்யூர் பூட்டை அணைச்சா, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நீலத்திரை நிக்கும். (உபுண்டுவுக்கு அதை அணைக்கவே தேவையில்லைங்கறது வேற விஷயம்.) சாவி அந்தக் கணக்கில் இருக்கும். கணக்கையே மறந்தவருக்கு செமஸ்டர் ப்ராஜெக்ட் அம்பேல்! அதனால முதல்ல சாவியைக் காகிதத்தில் எழுதி, ஃபைல்களைப் பென்டிரைவில் நகலெடுத்துட்டுத்தான் டிஸ்கில் கை வைக்கணும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்திடணும், இல்லாட்டி விண்டோஸ் பக்கத்து ஃபைல்களை லினக்ஸில் படிக்கத்தான் முடியும், திருத்த முடியாது. அப்புறம், உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினா கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னாடி காட்டலாம். லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம்: லினக்ஸ் உலக நேரத்தைக் குறிச்சு வைக்குது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரம்னு நினைச்சுக்குது.