சந்தேகத்தின் பலன் யாருக்கும் போட்ட பிச்சையல்ல

"சாட்சி பல்டி அடிச்சிட்டான், அதான் தப்பிச்சான்." குற்ற வழக்கில் ஒருவர் விடுதலையானதும் டீக்கடையில் எழுதப்படும் தீர்ப்பு இது. நீதிபதி 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், செய்தவன் அவன்தான் என்று ஊரே முடிவுகட்டிவிடும்.

விசாரணையின் முடிவில் நீதிபதிக்கு இருப்பவை இரண்டே வழிகள்: குற்றவாளி என்று தீர்மானிப்பது, அல்லது விடுவிப்பது. ஸ்காட்லாந்தில் 'நிரூபிக்கப்படவில்லை' என்றொரு மூன்றாவது தீர்ப்பு இருந்தது. விடுதலையானவர்மேல் கறையை விட்டுவைக்கிறது என்ற புகார் வெகுகாலம் இருந்து, அதை ஒழிக்க 2025இல் சட்டம் இயற்றினார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. நாமாக உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

எஃப்ஐஆர் ஏன் தாமதம், எல்லா மகஜரிலும் ஏன் அதே இரண்டு பேர் கையெழுத்து என்று கேட்டால் போலீஸ் விழிக்கிறது. அங்கேதான் சந்தேகம் பிறக்கிறது. போலீஸ் சொன்ன கதைமேல் எழுந்த சந்தேகத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

டீக்கடைப் பேச்சோடு போனால் பரவாயில்லை. வேலைக்கு ஆளெடுக்கும்போது, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருத வேண்டும் என்கிறது தமிழகக் காவலர் பணி விதி. 2008இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றது. ஆனால் இதற்கு எதிராக நிறுத்தப்படும் 'கௌரவமான விடுதலை' என்ற சொல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலோ தண்டனைச் சட்டத்திலோ இல்லை என்று 2012இல் ஒரு காவலரின் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்த வழக்கில் அவருடைய பணிநீக்கம் நிலைத்தது உண்மைதான். ஆனால் அவர்மேல் தனியே துறை விசாரணை நடந்திருந்தது. திருவிழாத் தகராறில் கும்பலோடு பெயர் சேர்க்கப்பட்டு, பிறகு விடுதலையாகி, வேலைக்கு மனுப்போடும் பையனை எந்தத் துறை விசாரித்தது?

பணமுள்ளவர்கள் சாட்சிகளை விலைக்கு வாங்குவதில்லையா என்பார்கள். வாங்குகிறார்கள். அதற்குத்தான் மேல்முறையீடு. ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில் 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தந்த விடுதலையை எதிர்த்துக் கர்நாடக அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2017இல் அந்த விடுதலை ரத்தானது, சசிகலா உள்ளிட்ட மூவர் சிறைக்குப் போனார்கள். தீர்ப்பு தவறென்று நம்பும் அரசு செய்ய வேண்டியது இது. மேல்முறையீட்டுக்கும் போகாமல், ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் தேறிவந்த பையனைப் பழைய வழக்கு எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்புவது, நீதிமன்றம் கொடுக்க மறுத்த தண்டனையை அலுவலகம் கொடுப்பது.