காதலை மூக்கில் அடிக்க முடியாது மக்களே!

'காதல் ஹார்மோன்', 'கட்டிப்பிடி ஹார்மோன்' என்று ஆக்சிடோசினுக்குப் பட்டம் கொடுத்தது போதும். வசூல்ராஜாவின் கட்டிப்பிடி வைத்தியம் சினிமாவில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதையே மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக்கி இணையத்தில் விற்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கடுப்பு!

இந்தக் கூத்து சூடு பிடித்தது 2005-இல். முன்பின் தெரியாதவரை நம்பிப் பணம் கொடுக்கும் விளையாட்டு ஒன்றை சூரிச்சில் நடத்தினார்கள். ஆக்சிடோசின் உறிஞ்சிய 29 பேரில் 13 பேர் கையிலிருந்த பணம் முழுவதையும் கொடுத்தார்கள். டம்மி ஸ்ப்ரே உறிஞ்சிய 29 பேரில் 6 பேர்தான். ஆக மொத்தம் 58 பேர். அதை வைத்து மனித நம்பிக்கைக்கே மருந்து கண்டுபிடித்தாயிற்று என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

2020-இல் அதே சோதனையை 677 பேரை வைத்து மறுபடி செய்தார்கள். பழைய ஆய்வில் இருந்த எர்ன்ஸ்ட் ஃபேரும் இதில் உண்டு. ஸ்ப்ரேயால் நம்பிக்கை கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் இந்தச் செய்தியை எத்தனை பேர் ஃபார்வர்ட் செய்தீர்கள்?

"அப்படியானால் பாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஸ்விட்ச் போட்டால் லைட் எரிகிற மாதிரி இல்லை. இந்தக் 'காதல்' பட்டத்துக்கே காரணம், ஜோடியாக வாழும் ப்ரெய்ரி வோல் என்ற எலிதான். அதன் உடலில் ஆக்சிடோசின் வேலை செய்யத் தேவையான ஏற்பியையே மரபணுத் திருத்தத்தால் நீக்கிப் பார்த்தார்கள். அப்போதும் அவை ஜோடி சேர்ந்தன, குட்டிகளை வளர்த்தன. இது 2023-இல் வெளிவந்தது.

சரி, எலியை விடுங்கள். மனசு வலிக்கிற இடம் வேறு. ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் நிலையில் இருப்பவர்கள். அமெரிக்காவில் 3 முதல் 17 வயது வரையிலான 290 பேருக்கு 24 வாரம் இந்த ஸ்ப்ரேயும் டம்மியும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறரோடு பழகும் திறனில் குறிப்பிடும்படியான வித்தியாசம் ஏதும் இல்லை. முடிவு வந்தது 2021-இல். அதற்குப் பிறகும் அந்தப் பெற்றோரிடம் இதை விற்பது வியாபாரம் இல்லை ஐயா, பிக்பாக்கெட்!

ஆக்சிடோசின் ஒன்றும் உதவாக்கரை இல்லை. பிரசவத்துக்குப் பின் கருப்பையைச் சுருங்க வைத்து, ரத்தப்போக்கிலிருந்து தாயைக் காப்பாற்றும் மருந்து அது. ஃபிரிட்ஜில் சரியாக வைக்காவிட்டால் வீரியம் போய்விடும். கரண்ட் நிற்காத ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று கேட்டால் அது நியாயம். நம்பிக்கைக்கும் நட்புக்கும் மட்டும் பழைய வழிதான்: பேச வேண்டும், காத்திருக்க வேண்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.