பாடமா நாங்கள்?

அமெரிக்காவில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்தும் சமூகநீதிப் பருவப் படிப்பு ஒன்றிலிருந்து ஒரு மாணவி ஓசூர் வந்தாள். சிப்காட் பக்கத்துக் காலனியில் எங்கள் வீட்டில் மூன்று நாள். நல்ல பொண்ணுதான். காலையில் கண்மூடி மௌனமாக உட்காருவாள்; அதுதான் அவர்கள் வழிபாடு. எங்கம்மா கேட்டாள்: "ஏம்பா, பேசக்கூடாதுன்னு யாராச்சும் சொல்லிட்டாங்களா?"

அவள் பாடத்தின் நாயகர் ஜான் வுல்மன், 18ஆம் நூற்றாண்டுக்காரர். அடிமைகளின் உழைப்பு கலந்த சாயத்துணியை உடுத்த மறுத்தவர். பெரிய மனசுதான். ஆனால் குவேக்கர்களிலேயே அடிமை வைத்திருந்தவர்கள் உண்டு. ஃபிலடெல்ஃபியா சபை தன் உறுப்பினர்களுக்கு அதை அடியோடு தடுத்தது 1776இல்தான். அப்புறமும் அதே ஊர்க் கூட்டத்தில் கறுப்பர்களுக்குத் தனிப் பெஞ்சு. அதில் தாயோடு உட்கார்ந்த சாரா மாப்ஸ் டக்ளஸ் 1837இல் கடிதமாகவே எழுதி வைத்திருக்கிறார். "இந்தப் பெஞ்சு உன் பாடத்தில் இருக்கா?" என்றேன். இல்லையாம். கோயிலில் மட்டுமல்ல, சர்ச்சிலும் தனி வரிசை பார்த்தவர்கள் நாம். நமக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டாம்.

1959இல் மார்ட்டின் லூதர் கிங்கை இந்தியாவுக்கு அழைத்துவந்ததிலும் குவேக்கர் சேவைக் குழுவுக்குப் பங்குண்டு. கூட்டாளி காந்தி நினைவு நிதி. அம்பேத்கர் மறைந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. காட்டியதோ நேரு, வினோபா, காந்திகிராமம். அவரை உலுக்கியது திருவனந்தபுரத்தில் நம் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று அங்கே அறிமுகம் செய்தார்கள். முதலில் சுருக்கென்றதாம். பிறகு யோசித்து, ஆமாம், நான் அதுதான் என்று ஒப்புக்கொண்டார். கற்றுக்கொடுத்தது யார்? அந்தப் பள்ளிக்கூடம். பெயர் வாங்கியது யார்?

கடைசி நாள் சூடுகொண்டப்பள்ளிக்குக் கூட்டிப்போனேன். சாதி மீறிக் கல்யாணம் செய்து ஓசூரில் வாழ்ந்த அந்த ஊர்த் தலித் இளைஞனும் வன்னியப் பெண்ணும் 2018 நவம்பரில் கடத்தப்பட்டு, எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில், காவிரியில் பிணமாகக் கிடைத்தார்கள். சொல்லி முடித்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம்.

"இங்க மௌனத்துக்குப் பஞ்சமே இல்லம்மா. அன்னிக்கும் ஊரு மௌனமாத்தான் இருந்துச்சு. நீ போய் உன் வகுப்புல வாயத் தொற. அடுத்த பருவத்துக்கு எங்க காலனிப் பொண்ணு ஒண்ணு மாணவியா வரும், கட்டணமில்லாம. சேத்துக்குவாங்களா, கேட்டு எழுது."

விலாசம் வாங்கிக்கொண்டு போனாள். கடிதம் இன்னும் வரவில்லை.