பட்டா இல்லாதவரின் பஞ்சம்

‘காலநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தகவமைத்துக்கொள்ளும் பழங்குடி உணவுமுறை’ என்று இப்போது கருத்தரங்குகளில் புகழ்கிறார்கள். போடிநாயக்கனூரில் வளர்ந்த எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தகவமைத்துக்கொள்ள அவர்களிடம் எதை விட்டுவைத்திருக்கிறோம்?

சிறைக்காடு, கொட்டகுடி, முதுவாக்குடி என எங்கள் மலைச்சரிவுகளில் பளியரும் முதுவரும் வாழ்கிறார்கள். பளியருக்குக் காட்டு வள்ளிக்கிழங்கும் தேனும் கீரையும், முதுவருக்குக் கேழ்வரகு. மழை பொய்த்துத் தானியம் கருகினாலும் மண்ணுக்கடியில் கிழங்கு தாக்குப்பிடிக்கும். கிழங்கிலும் பல வகை. ஒன்று கைவிட்டால் இன்னொன்று. தோண்டும்போது கொடியின் தலைப்பகுதியை மண்ணில் விட்டுவைத்தால் மறுபடி துளிர்க்கும். எந்த வங்கியும் தராத காப்பீடு இது.

ஆனால் இந்தக் காப்பீட்டுக்குக் காட்டில் நடமாடும் உரிமை வேண்டும். 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் அதைப் பறித்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் திருப்பித் தருவதாகச் சொன்னது. தமிழ்நாட்டிலோ, 2008இல் உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டால் பட்டா வழங்குவதே முடங்கியது. 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தத் தடை விலகியது. எட்டு ஆண்டுகள்!

2024 கோடையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் வெயிலில் கருகின. தோட்டக்காரர்கள் நிவாரணம் கேட்டார்கள், கேட்கட்டும். ஆனால் போடியிலிருந்து ஜீப்பில் மேட்டுக்குப் போகும் கூலிப் பெண்கள் இழந்த வேலைநாள் எந்தக் கணக்கில் வரும்? பட்டா உள்ளவரின் செடி வாடினால் அது ‘பயிர்ச்சேதம்’. மழை தவறிப் பளியரின் கிழங்கு சிறுத்தால் அதற்குப் பெயரே கிடையாது.

“ரேஷனில் இலவச அரிசி கிடைக்கிறதே?” என்பார்கள். அந்த அரிசி அவர்கள் உரிமை; அதில் ஒரு பிடிகூடக் குறையக் கூடாது. ஆனால் அரிசியைக் காட்டிக் காட்டை மறக்கச் சொல்வது என்ன நியாயம்? 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்து அங்காடியில் கேழ்வரகு கௌரவம் பெற்றுவிட்டது. அதைத் தலைமுறைகளாக விதைத்தவர்களுக்கு நிலம்தான் வரவில்லை.

தோழர்களே, சாதியச் சமூகம் உழைப்பவரிடமிருந்து நிலத்தைப் பிரித்தது. காட்டிலும் அதுவே நடந்தது. எனவே பாராட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்போம்: ஒவ்வொரு குடியிருப்பிலும் கிராமசபை கூடட்டும்; சமூக வன உரிமை எழுத்தில் வரட்டும்; ரேஷன் கடையில் அரிசியோடு கேழ்வரகும் சேரட்டும். எதைத் தோண்டுவது, எதை விதைப்பது என்பதை அவர்கள் முடிவுசெய்துகொள்வார்கள்.